மெத்தென்ற இங்கிலீஷ்

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். அதை மறைத்ததில்லை, மறைக்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை. டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு வந்தவன், சொந்தக் கட்டிடத்தில் சொந்த மெஷின் போட்டு, கப்பலில் சரக்கு ஏற்றியிருக்கிறேன். எம்.பி.ஏ. படித்தவர்கள் என் மேசைக்கு முன்னால் நின்றபடி பதில் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கிலீஷை நான் அட்டைப்பெட்டியில் படித்தேன். ‘திஸ் சைட் அப்’ என்று போட்டிருந்தால் அந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும். பனியன் கழுத்தில் வைத்துத் தைக்கும் துண்டு லேபிளில் ‘டூ நாட் ப்ளீச்’ என்றிருந்தால் ப்ளீச் போடக் கூடாது. இன்ஸ்பெக்‌ஷன் வருகிறவர் பெட்டியைப் பிரித்துப் பார்த்து பாஸ் என்பார், இல்லாவிட்டால் ஃபெயில் என்பார். ஒரு வார்த்தைக்கு ஒரு வேலை. அந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டே இத்தனை காலம் தொழில் நடத்தினேன்.

எங்களிடம் சரக்கு வாங்கிய பழைய பையர் ஒரு வெள்ளைக்காரர், பனை மரம் மாதிரி உயரம். துணி பிடிக்கவில்லையென்றால் தூக்கி மேசை மேல் எறிந்து ‘நோ குட்’ என்பார். கேட்கும்போது வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அவர் ‘குட்’ என்று சொல்லிவிட்டால் நான் போய்ப் படுத்துத் தூங்கலாம். அவர் ஓய்வு பெற்றுப் போனார். அவரோடு அந்த இரண்டு வார்த்தைகளும் போய்விட்டன.

இப்போது எல்லாம் மெயில். என் மகன் காலையில் ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொல்வான். ‘நோட்டட் வித் தேங்ஸ்’ என்று வரும். குறித்துக்கொண்டார்களாம், நன்றியாம். எதைக் குறித்தார்கள், எதற்கு நன்றி என்று கேட்டால் மகனுக்கும் தெரியாது. ‘கோயிங் ஃபார்வர்ட்’ என்று ஒன்று. முன்னால் போகிறார்களாம், யார் போகிறார்கள், எங்கே போகிறார்கள் என்று அதில் இருக்காது. ‘உங்கள் பொறுமையைப் பாராட்டுகிறோம்’ என்று ஒன்று வரும். அதைக் கேட்டால்தான் எனக்குப் பொறுமையே போகும். என் மகன் மட்டும் என்ன, வாயைத் திறந்தால் ‘ஆக்சுவலா’, மூடும்போது ‘நோ இஷ்யூஸ்’. இரண்டுக்கும் நடுவில் என்ன சொன்னான் என்று நான்தான் தேடி எடுக்க வேண்டும்.

எனக்கென்று ஒரு வாசகம் இருந்தது. ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்.’ பேங்க் கடிதம் ஒன்றில் பார்த்துப் பிடித்துப்போய், ஆவன செய்யச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டு, என் கம்பெனியிலிருந்து போகும் எல்லாக் கடிதத்திலும் கடைசியில் போட வைத்தேன். போட்ட இடத்திலெல்லாம் வேலை நடந்தது. மகன் பொறுப்புக்கு வந்ததும் முதலில் அதைத்தான் நிறுத்தினான். “அதப் பாத்தாலே வெளிநாட்டுல சிரிக்கறாங்கப்பா. எரிச்சலாகுதாமா” என்றான். சண்டையே போட்டோம். அவன் சொன்னதுதான் நின்றது.

இந்தச் சித்திரையில் அந்தப் பழைய பையர் இருந்த கம்பெனிக்கு சாம்பிள் அனுப்பினோம். மிகவும் சந்தோஷம், உங்களோடு வேலை செய்ய ஆவலாக இருக்கிறோம் என்று பதில் வந்தது. சாம்பிள் ஓகே ஆகிவிட்டால் ஆர்டர் வரும்வரை தையல் லைனைக் காலியாக வைத்துக் காத்திருப்பது எங்கள் ஊர் வழக்கம். டெய்லர்களை வெளியே விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது. வீரபாண்டியிலிருந்து ஒருவர் தையல் வேலை கொடுக்க வந்தார். மகன் வாங்கிக்கொள்ளலாம் என்றான். நான் வேண்டாமென்று திருப்பி அனுப்பினேன். ஆவலாக இருக்கிறோம் என்று எழுதியவனை நம்பாமல் யாரை நம்புவது? டெய்லர்களுக்கு ஆல்ட்ரேஷன், கழித்துப் போட்ட செகண்ட்ஸ் என்று எதையாவது கொடுத்து உட்கார வைத்திருந்தேன்.

டெய்லர் உட்காரும் ஸ்டூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனி கொடுப்பது வெறும் பலகை. அவரவர் கட்டிங் வேஸ்ட்டை அடைத்து ஒரு மெத்தை தைத்து அதில் கட்டிக்கொள்வார்கள். லீவு போடுகிறவர் மெத்தையை விட்டுவிட்டுப் போவார். அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனால் அவர் திரும்பி வர மாட்டார். எங்கள் ஊரில் இதுதான் ராஜினாமா.

லைன் சூப்பர்வைசராக இருந்த அம்மா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். என்னிடம் கைமடியாகச் சேர்ந்து, நான் பார்க்க மேலே வந்தவர், லைனில் அவருக்கும் ஒரு ஸ்டூல் உண்டு. ஞாயிறு சர்ச் முடிந்ததும் ஷிப்மென்ட் இருந்தால் நேராகக் கம்பெனிக்கு வந்துவிடுவார். வைகாசி முடிகிற சமயம் என் அறை வாசலில் வந்து நின்றார்.

“ஐயா, வேல இருக்கும்னா பிள்ளைய இங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துருவேன். இல்லன்னா ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். எதுன்னாலும் சொல்லிருங்க.”

திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். அன்றைக்குத்தான் பையரோடு வீடியோவில் பேச்சு. நானும் உட்காருவேன் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். அவனுக்கு இஷ்டமில்லை. கம்பெனி யாருடையது என்று கேட்டேன், நாற்காலி போட்டான்.

திரையில் வந்தவன் சின்ன வயது, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சிரித்த முகமாக இருந்தான். மகனும் அவனும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள், மார்க்கெட்டைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் தரத்தைப் புகழ்ந்தான். சாம்பிளை ‘அமேசிங்’ என்றான். நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து என் இங்கிலீஷில் கேட்டேன்.

“சார். ஆர்டர் கிவ்? நோ கிவ்? டெல்.”

அவன் இன்னும் நன்றாகச் சிரித்து நீளமாக ஏதோ சொன்னான்.

“என்ன கண்ணு சொல்றான்?”

“நல்ல கேள்விங்களாமாப்பா.”

“பதிலு?”

“உள்ள பேசிட்டுத் திரும்பி வர்றாங்களாமா.”

“எங்கிருந்துடா திரும்பி வர்றான், அவன் இன்னும் வரவே இல்லயே.”

மகன் என் கையைப் பிடித்து அமுக்கிவிட்டு, திரையைப் பார்த்து ‘ஷ்யூர், ஷ்யூர், நோ வொர்ரீஸ்’ என்றான். கவலையில்லையாம். திரை அணைந்தது. பழைய பையராக இருந்தால் அந்த சாம்பிளை என் முகத்திலேயே எறிந்திருப்பார். அதைக் குனிந்து எடுத்துக்கொண்டு வேறு வேலை பார்த்திருப்பேன்.

கீழே இறங்கினேன். அந்த அம்மா லைன் முனையில் நின்றிருந்தார். ஆமாம் என்று சொல்ல என்னிடம் ஆர்டர் இல்லை. இல்லை என்று சொன்னால் லைன் முழுக்க அன்று மாலையே கலைந்துவிடும். எத்தனையோ பேரிடம் எத்தனையோ கறாராகப் பேசியவன் நான்.

“பேச்சு நல்லாத்தான் போயிருக்குதுங்க அம்மிணி. பாக்கலாம். சொல்லி உடறேன்.”

அவர் என் முகத்தையே பார்த்தார். கோபமில்லை. “சரிங்கய்யா” என்றார்.

சாயங்காலம் பெல் அடித்ததும் குனிந்து தன் ஸ்டூலிலிருந்து மெத்தையின் நாடாவை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. பொறுமையாக அவிழ்த்தார், கத்தரிக்கவில்லை. மெத்தையைச் சோத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். பக்கத்து ஸ்டூல்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் பலகை தெரிந்த ஸ்டூல்கள்தான் அதிகம்.

மகன் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். “ஒரு ஜென்டில் ரிமைண்டர் போட்டு உடட்டுங்களாப்பா?” என்று கேட்டான். மென்மையாக நினைவுபடுத்துவதாம்.

“போடு. கடைசில அந்த நீட்ஃபுல்லையும் சேத்திக்க.”

சிரிப்பார்கள் என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். ‘கைண்ட்லி’ என்று அடிக்க ஆரம்பித்தான்.