நீலப் பீப்பாய்களுக்கு இந்தப் பக்கம்

உலு திராமில் செங்கல் வீடு கட்டினேன். தெப்ராவ் நீரிணையில் மீன் வளர்க்கும் மிதவைக் கூண்டுகளுக்கு நானே மரம் அறுத்து, நானே ஆணி அடித்து இறக்கினேன். எங்கள் படகுத்துறைக்கு முதல் தூணை ஊன்றியதும் நான்தான். ஆறாம் வகுப்பைத் தாண்டாத தோட்டத்துக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்டவர்கள், இன்று என் கூண்டுக் கொடுவா மீனைக் காத்திருந்து வாங்கிப் போகிறார்கள்.

அப்படிப்பட்ட நான் பட்டப்பகலில் நடுங்கிய கதை இது.

எங்கள் கடல் நீளம், ஆனால் ஒடுக்கம். மற்ற நாடுகளுக்குக் கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல் வரை சொந்தக் கடல் உண்டாம். எங்களுக்கு அவ்வளவு இடம் ஏது? எதிரே சிங்கப்பூர். நடுத்தண்ணீரில் எல்லை ஓடுகிறது, கண்ணுக்குத் தெரியாமல். எங்கள் கரை ஓரிடத்தில் மூக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பின்னால் துறைமுகத்தின் சிவப்புக் கிரேன். மூக்கு அதை மறைத்திருக்கும் வரை நாம் நம் பக்கம். கிரேன் வெளியே எட்டிப் பார்த்தால் எல்லை வந்துவிட்டது, திரும்ப வேண்டும். பல வருடமாகப் பழுதாகி ஒரே இடத்தில் நின்ற கிரேன் அது. அங்கே தொழில் செய்த எல்லோருக்கும் அதுதான் அடையாளம்.

அன்று ஒரு கூண்டு கயிறு அறுந்து, வற்றும் நீரோடு போய்விட்டது. உள்ளே விற்பனைக்குத் தயாரான மீன். விடுமுறையில் இருந்த மருமகனைக் கூட்டிக்கொண்டு விரட்டினேன். அவர் தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். கூண்டைப் பிடித்துப் படகில் கட்டினோம்.

“மாமா, ரொம்பத் தூரம் வந்துட்டோம் லா.”

“கிரேன் தெரியுதா? தெரியல. அப்ப நம்ம பக்கம்தான். நான் பாக்காத தண்ணியா, மாப்ள?”

சொல்லி வாய் மூடவில்லை, சாம்பல் நிறப் படகு ஒன்று எங்களை நோக்கி வந்தது. அதன் கொடியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

“மாமா, அது நம்ம கொடி இல்ல. என் பாஸ்போர்ட் வீட்டுல இருக்கு. இங்க புடிச்சா வேல பெர்மிட் போயிரும்.”

“கைய வெளிய தெரியற மாதிரி வச்சுக்குங்க. பேசாதீங்க.”

“பாலிக், பாக்சிக், பாலிக்,” என்று ஒலிபெருக்கி கத்தியது. பெரியவரே, திரும்பிப் போங்கள் என்கிறான். எஞ்சினை முழுசாக முறுக்கினேன். படகு அசையவில்லை. நீர் கூண்டை இழுத்தது, கூண்டு எங்களை இழுத்தது. திரும்ப முயன்ற நாங்கள் அவர்கள் பக்கமே நகர்ந்துகொண்டிருந்தோம். போகச் சொல்லியும் போகாதவனை என்னவென்று நினைப்பார்கள்?

“கயித்த வெட்டுங்க, மாமா.”

“ரெண்டு வருஷ உழைப்புய்யா அது.”

“என் பொழப்பு அந்தக் கரையில இருக்கு, மாமா.”

வெட்டினேன். படகு துள்ளிக்கொண்டு ஓடியது. நாங்கள் நடுத்தண்ணீரைத் தாண்டும் வரை அவர்கள் நின்று பார்த்தார்கள். கூண்டு கண்ணுக்கு மறைந்தது.

படகுத்துறையில் ஏறியபோதும் என் விரல்கள் கத்தியை விடவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த பழைய கூட்டாளி நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஐயோ, அலமாக், அந்தக் கிரேன ரிப்பேர் பண்ணி முந்தாநேத்தே இன்னும் உள்ள தள்ளிட்டாங்களே, இனி எல்லை தாண்டினாலும் தெரியாது. நம்ம கடல் ராஜா பாஸ்போர்ட் இல்லாமயே சிங்கப்பூர் போயிட்டு வந்துட்டாருப்பா.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சக்கரத்தில் ஓடுகிற கிரேனை நம்பிக் குடும்பத்தின் சோற்றைப் பணயம் வைத்திருந்தோம், அத்தனை பேரும். அதன்பின் பல இரவு அந்த ஒலிபெருக்கி கேட்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பிறகு பழைய நீலப் பீப்பாய்களை வாங்கினேன். சிமெண்டுக் கட்டையில் சங்கிலி போட்டு, எல்லைக்கு நன்றாக இந்தப் பக்கம் வரிசையாக மிதக்கவிட்டேன். இப்போது அதைத் தாண்டி யாரும் போவதில்லை. மருமகன் இன்றும் அதே வேலைக்குத்தான் போகிறார்.

படகுத்துறைப் பலகையில் இந்தப் பீப்பாய்களைப் பற்றி ‘மீனவர் சங்கத்தின் முயற்சி’ என்று எழுதியிருக்கிறார்கள். அரசாங்க அனுமதி வாங்கித் தந்தது சங்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் பீப்பாயை இறக்கிய கை இது. அந்தப் பயத்தைப் பட்ட உடம்பும் இது. அதே பலகையில், அதே அளவு எழுத்தில், என் பெயரையும் எழுத வேண்டும்.