மின்விசிறிகள் நின்ற மதியம்

கூண்டுதான் சுத்தம், கூண்டுதான் வசதி என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். பூந்தமல்லிக்கு அப்பால் கறிக்கோழிக் குஞ்சுகளுக்காகத் தாய்க்கோழி வளர்க்கும் பண்ணையில் வேலை. சேவலிடம் எடுத்த விந்தை அரை மணி நேரத்துக்குள் கோழிகளுக்குச் செலுத்திவிட வேண்டும். ஷாகிதா அக்கா கோழியைப் பிடிப்பார். நான் சிரிஞ்சால் செலுத்துவேன்.

அன்று மதியம் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. விசிறிகள் நின்ற கொஞ்ச நேரத்தில் கோழிகள் அலகைப் பிளந்து மூச்சு வாங்கின. நானோ விந்து இருந்த குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு வரிசதாங்க்கா பாக்கி. முடிச்சிடலாம், வீணாப் போயிடும்.”

“கோயியே செத்துப்பூட்டா யாருக்குடி போடுவே? அத்தக் கீழ வச்சிட்டு தெரைய சுருட்டு. மேனேஜர் கேட்டா நான் சொல்லிக்கிறேன்.”

காற்று வரக் கொட்டகையின் பக்கத் திரைகளைச் சுருட்டிவிட்டுக் கோழிகள் மேல் தண்ணீர் அடித்தோம். தரையில் வளர்பவையாக இருந்தால் காற்று வரும் பக்கம் நடந்திருக்கும். இவை நின்ற இடத்திலேயே நின்று எங்களைப் பார்த்தன. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியபோது சில கோழிகள் கூண்டிலேயே சரிந்து கிடந்தன.

மேனேஜர் குப்பியைத் தூக்கிக் காட்டி, “இத வீணாக்குனது யாரு?” என்றார்.

அக்கா வாய் திறக்குமுன், “நான்தான் சார்” என்றேன்.

இப்போதெல்லாம் சிரிஞ்சைக் கையில் எடுக்குமுன் என் காது விசிறிச் சத்தத்தைத் தேடுகிறது.