முக்காட்டோடு வேலைக்குத் திரும்பிய எங்கள் லாத்தா

எங்கள் லாத்தா மறைந்து ஓராண்டு ஆகிறது. உடன்பிறந்த அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஆறு வருடம் நீதிமன்ற வாசலில் அவர்களோடு நின்ற அலுப்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை.

மேலப்பாளையத்தில் பீடி சுற்றி எங்களை வளர்த்த உம்மாவுக்கு மூத்த மகளாகப் பிறந்தார்கள். இரத்தப் பரிசோதனைப் படிப்பை முடித்து, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பதினொரு வருடம் அங்கே வேலை. ஊசி குத்துவதே தெரியாது என்று நோயாளிகள் லாத்தாவைத்தான் கேட்டு வருவார்கள்.

புதிதாக வந்த மேலாளர் ஒருநாள் ஆய்வகத்துக்கே வந்து, "முக்காட்ட எடுத்துட்டு வேலை பாருங்க. இல்லன்னா வர வேண்டாம்" என்றார்.

"இத்தன வருசமா இதோடதான சார் பாக்கேன்?" என்றார்கள் லாத்தா.

மறுவாரமே, கீழ்ப்படியவில்லை என்று எழுதி நிர்வாகம் வேலையிலிருந்து நீக்கிவிட்டது.

வழக்குப் போடப் போனபோது வக்கீல் எதையும் ஒளிக்கவில்லை. "மதத்த வச்சு ஒதுக்கக் கூடாதுன்னு அரசியல் சட்டம் சொல்லுதுல்லா, அது அரசாங்க வேலைக்குத்தாம்மா. தனியாருக்கு அப்படி நேரடியாச் சட்டம் இல்ல. விசாரிக்காம நீக்கிட்டாங்கன்னுதான் கேக்க முடியும்."

"அப்ப அப்படியே கேளுங்க" என்றார்கள் லாத்தா.

வாய்தா மேல் வாய்தா. சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. ஆய்வகத்தைக் கூட்டித் துடைக்கும் பேச்சியம்மாள் அக்கா மட்டும் வந்தார். நாங்குநேரிப் பக்கம் வயல் வேலை பார்க்கும் குடும்பம். மேலாளர் சொன்னதைத் தன் காதால் கேட்டதாகக் கூண்டில் நின்று சொன்னார்.

வெளியே வந்ததும் லாத்தா, "உங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுக்கா" என்றார்கள்.

"ஆனா ஆவட்டும். கேட்டத கேக்கலன்னு எப்படிச் சொல்லுவேன்?"

இரண்டு மாதத்தில் அவர் வேலையும் போயிற்று.

தீர்ப்பு லாத்தாவின் பக்கம் வந்தது. விசாரணை நடத்தாமல் நீக்கியது செல்லாது, மறுபடி வேலை கொடுக்க வேண்டும் என்று இருந்தது. முக்காட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. லாத்தா இரண்டு முறை படித்தார்கள். "எதுக்காகப் போனோமோ, அதப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே" என்று போய்ப் படுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

ஆனாலும் வேலைக்குப் போனார்கள், முக்காட்டோடுதான். யாரும் தடுக்கவில்லை, யாரும் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. ஏழு மாதம் கழித்து, ஓயாத காய்ச்சலுக்குத் தன் இரத்தத்தைத் தானே பரிசோதித்தபோதுதான் இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. எங்களிடம் பையத்தான் சொன்னார்கள்.

சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டிய பிறகு, தினமும் வந்து முக்காட்டை நலுங்காமல் கட்டிவிட்டவர் பேச்சியம்மாள் அக்கா. அவருக்காக ஒரு வழக்குப் போட வேண்டும் என்று லாத்தா படுக்கையிலிருந்தே சொன்னார்கள்.

"வேண்டாம் தாயி, நீ அலைஞ்சது போதும்" என்று பேச்சியம்மாள் அக்கா லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு லாத்தா எட்டு நாள்தான் இருந்தார்கள்.

கட்டணத்துக்காக ஒருநாளும் முகம் சுளிக்காத வக்கீலுக்கும், இரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், ஜனாஸா அடக்கத்துக்கு வந்து நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. லாத்தாவின் மறுமைக்காக துஆச் செய்யுங்கள். இந்த நினைவு மலரின் முதல் பிரதி பேச்சியம்மாள் அக்காவுக்கு. அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவேன்.