க்யூ எழுத்து டிக்கெட்

சியூ பெங் என் நடு அக்காள் மகள். புன் ஹியோங் என் மூத்த அக்காள் மகன். இரண்டு பேரையும் தூக்கி வளர்த்தவள் நான். அதனால் பாரபட்சம் இல்லாமல் சொல்வேன் என்று நினைக்காதீர்கள். நான் சியூ பெங் பக்கம்.

தைவானில், எங்கள் தைனான் ஊரில் புன் ஹியோங் விமான டிக்கெட் கடை வைத்திருந்தான். சியூ பெங் ஒசாகாவுக்குத் தையல் வேலைக்குப் போனபோது போகவர டிக்கெட் எழுதிக் கொடுத்தவன் அவன்தான்.

"சும்மா ஒரு தேதி போட்டிருக்கேன் தங்கச்சி, எப்ப வேணா மாத்திக்கலாம். முழு விலை டிக்கெட்டாக்கும்!"

முழு விலையும் வாங்கிக்கொண்டான்.

அவள் போன ஏழாம் மாதம் அவள் அம்மா, என் நடு அக்காள், சாகப் படுத்துவிட்டாள். சியூ பெங் விமான நிலையத்துக்கு ஓடினாள். கவுண்டரில் இருந்த பெண் டிக்கெட்டில் ஓர் ஆங்கில எழுத்தைத் தொட்டுக் காட்டினாள். முழு விலை டிக்கெட்டில் ஒய் என்று இருக்கும். எந்த நாளும் ஏறலாம். இவளுடையதில் க்யூ. மலிவு டிக்கெட், போட்ட தேதியில் மட்டும்தான் ஏறலாம். அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் செய்தாள். "ஒண்ணும் பண்ண முடியாதே" என்றான். பணம் புரட்டி ஐந்து நாள் கழித்து வந்து சேர்ந்தாள். அதற்குள் சவப்பெட்டிக்கு ஆணி அடித்தாகிவிட்டது.

எங்கள் வழக்கப்படி, தாய் கண்மூடும்போது பக்கத்தில் இல்லாத மகள் தெருமுனையிலிருந்து முட்டி போட்டு அழுதுகொண்டே வீட்டுக்குள் வர வேண்டும். பாக்குக் கடை முனையிலிருந்து அவள் வந்தாள். முட்டி உரிந்தது. துக்கத் துணி கட்டி வாசலில் நின்ற புன் ஹியோங், "கொஞ்சம் முன்னாடியே கிளம்பியிருக்கலாமில்ல, தங்கச்சி?" என்றான்.

அவள் அழுகை அந்த இடத்திலேயே நின்றது.

ஒசாகாவுக்குத் திரும்பவில்லை. அவன் கடைக்கு எதிரே இருந்த இன்னொரு டிக்கெட் கடையில் வேலைக்குச் சேர்ந்து எழுத்துகளைப் படித்தாள். முதல் எழுத்து டிக்கெட்டின் ரகம். அடுத்தது கூட்டம் உள்ள காலமா, இல்லாத காலமா என்பது. பின்னால் வரும் எண், எத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும் என்பது. ஒரே விமானம், பக்கத்துப் பக்கத்து இருக்கை, ஒரே சாப்பாடு. விலை மட்டும் எழுத்துக்கு எழுத்து வேறு.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடல் காக்கும் மாசு அம்மன் கோயில் முற்றத்தில், குறிச்சீட்டுக்குப் பலன் சொல்லும் கிழவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். புன் ஹியோங்கிடம் வாங்கியவர்கள் டிக்கெட்டை நீட்டுவார்கள்.

"மாத்திக்கலாம்னு சொல்லி முழு விலை வாங்கினான்மா."

"இது எல் எழுத்து. மாத்தவும் முடியாது, பணமும் திரும்பாது. உரிச்சிட்டான் உங்களை. போய்க் கேளுங்கக்கா. சத்தமா கேளுங்க."

கிழவர் சிரிப்பார். "என் சீட்டுல எப்பவாவது நல்லது வரும். உன் சீட்டுல ஒண்ணுமே வரலையே!"

ஒன்பது வருடம் அவன் கடை வாசலில் சண்டை ஓயவில்லை. கடைசியில் விமானக் கம்பெனிகள் அவனிடமிருந்து டிக்கெட் புத்தகங்களைப் பிடுங்கிக்கொண்டன.

அடுத்த வருடம் அவன் மனைவி ஈரல் நோயில் விழுந்தாள். மகன் லாஸ் ஏஞ்சல்ஸில். கடை போகுமுன் அப்பன் எழுதிய டிக்கெட். பெற்ற பிள்ளைக்கும் மலிவு எழுத்துதான். திரும்பும் தேதிக்கு ஒரு மாதம் இருந்தது. புதிதாக வாங்கப் புன் ஹியோங்குக்கு வழியில்லை. எதிர்க்கடையில் சியூ பெங்கின் மேசை முன் வந்து நின்றான். அவளுக்குப் பால்மீன் கஞ்சி கொண்டுபோன நானும் அங்கே இருந்தேன்.

"ஆஸ்பத்திரி சீட்டு இருக்கு, தங்கச்சி. கூட ஒரு ஏஜென்ட் கடிதம், முத்திரையோட இருந்தா தேதியை மாத்துவாங்க. என் முத்திரை இப்ப செல்லாது."

"மலிவு டிக்கெட்டையுமா?"

"சாகக் கிடக்கிறவங்களுக்குன்னா மாத்துவாங்க."

அவளுக்குத் தெரியாததா? அவன் வாயால் வர வேண்டும் என்று காத்திருந்தாள்.

"எங்கம்மா படுத்தப்ப இது உனக்குத் தெரியுமா, அண்ணா?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "தெரியும். ஆனா அந்தக் கடிதத்துல மலிவு டிக்கெட்டுன்னு என் கைப்பட எழுதி முத்திரை வைக்கணும். அது உன் கைக்கு வந்தா, நான் ஏமாத்தினதுக்கு அதுவே சாட்சி."

நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"பாக்குக் கடை முனை ஞாபகமிருக்கா?" என்றாள். "அங்கேருந்து எங்கம்மா படம் வரைக்கும் வா. நான் வந்த மாதிரி வா. அப்புறம் முத்திரை."

போதும்டி என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வந்தான். ஸ்கூட்டர்கள் ஒதுங்கிப் போயின. தெருவே வாசலில் நின்று பார்த்தது. அக்காள் படத்துக்கு முன் அவன் வந்து சேர்ந்தபோது, கடிதம் தயாராக இருந்தது. அவன் வருவான் என்று தெரிந்து முந்தின நாளே தட்டச்சு செய்து வைத்திருந்தாள்.

"கொஞ்சம் முன்னாடியே கிளம்பியிருக்கலாமில்ல, அண்ணா?" என்றாள்.

முத்திரையைக் குத்தினாள். மங்கலாக விழுந்தது. மறுபடி அழுத்திக் குத்தினாள்.

மகன் வந்து சேர்ந்தபோது தாய்க்கு உயிர் இருந்தது. முட்டியில் கட்டோடு புன் ஹியோங்தான் விமான நிலையத்துக்குப் போய் அவனை அழைத்து வந்தான்.