அங்கம்மாவின் காது

ராயபுரம் துறைமுகச் சுவரை ஒட்டிய காயலான் கடையில் அங்கம்மா பன்னிரண்டு வருஷம் உலோகம் பிரித்தாள். கப்பலில் கழித்துப்போட்ட சாமான் கூடை கூடையாக வரும். உரசினால் சிவந்து, கையில் ஒரு வாடையை விட்டுப்போவது செம்பு. வளைக்கப்போனால் பட்டென்று முறிவது துத்தநாகம். நகம் பதிந்து, துணியில் கறுப்புக் கோடு இழுப்பது காரீயம். வெள்ளீயத்தை மட்டும் காதருகே பிடித்து வளைக்க வேண்டும். சன்னமாக நறநறவென்று கத்தும். பட்டறை மேஸ்திரிகளே சந்தேகம் வந்தால் அவளிடம்தான் நீட்டுவார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். ஆனால் அவள் சொன்னால் சொன்னதுதான்.

பக்கத்துக் கொட்டகையில் பொழுதன்றைக்கும் பாய்லர் தகட்டில் ஆணி அறைவார்கள். 1926 வாக்கில் அவள் காது மந்தமானது. வெளியே சொன்னால் வேலை போய்விடும். புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது; வீட்டில் ஏழு வயது மகள் ராஜாத்தி மட்டும். வாயை மூடிக்கொண்டு, நிறத்தையும் கனத்தையும் பார்த்தே வெள்ளீயம் பிரித்தாள். அதைத் தப்பென்று சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. ஆனாலும் தப்புதான்.

ஐப்பசியில் ஒரு கூடை கலப்பு ஈயம் வந்தது. குழாய் பற்றவைக்கக் காரீயத்தையும் வெள்ளீயத்தையும் சேர்த்து உருக்கிய கட்டிகள். பார்வைக்கு வெள்ளீயமேதான், வளைத்தால் சத்தம் வராது. அவள் அதை வெள்ளீயக் குவியலில் போட்டாள். தெருத்தெருவாகப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும் ரஷீது அதை வாங்கிப்போனார். அங்கம்மாவின் பித்தளை ரசப் பாத்திரத்துக்கும் அவர்தான் பூசினார். அதற்கென்று நல்ல கட்டியாகப் பொறுக்கிக் கொடுத்தவள் அவளே.

தை மாதம் ராஜாத்திக்கு வயிற்றுவலி கண்டது. முகம் வெளிறி, சோறு இறங்காமல் சுருண்டு கிடந்தாள். எண்ணெய் நீவினார்கள், மந்திரித்தார்கள். வலிப்பு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. டாக்டர் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறில் நீலமாக ஒரு கோடு. உடம்பில் காரீயம் ஏறியிருக்கிறது, புளியில் கரைந்து இறங்கும் விஷம் அது, எந்தப் பாத்திரத்தில் புளி கொதிக்கிறது என்று உரக்கக் கேட்டார்.

பாத்திரத்துக்குப் பூசியது போக வீட்டில் மிச்சமிருந்த கட்டியோடு அங்கம்மா ரஷீதிடம் ஓடினாள்.

"பாய், இத்த வளைச்சிக் காதாண்ட வச்சிப் பாரு. கத்துதா?"

அவர் வளைத்துப் பார்த்துத் தலையை இடவலமாக ஆட்டினார்.

"எனக்குக் காது கேக்காம ஒரு வருசம் ஆவுது பாய். யாராண்டயும் சொல்லல."

மூன்றாம் நாள் ராஜாத்தி போய்விட்டாள்.

சாவு விழுந்த வீட்டுக்காரி காரியம் முடியும்வரை பிறத்தியார் வாசல் மிதிக்கக் கூடாது. அடக்கம் முடிந்த மறுநாளே அங்கம்மா மிதித்தாள். ரஷீதைக் கூட்டிக்கொண்டு, அவர் ஈயம் பூசின வீடு ஒவ்வொன்றிலும் ஏறி, பாத்திரத்தில் சமைக்காதீர்கள், தப்பு என்னுடையது, எனக்குக் காது கேட்காது என்று சொன்னாள். சிலர் ஏசினார்கள். சாயங்காலத்துக்குள் கடைக்குச் சேதி போய் வேலையும் போனது. அவள் நிற்கவில்லை. வீட்டுக்கு வீடு பிள்ளைகளைக் கூப்பிட்டு உதட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

கடைசி வீட்டில் பூவம்மாவின் மகள், ராஜாத்தி வயசுக்காரி, பயந்துகொண்டே வாயைத் திறந்தாள். ஈறு சிவப்பாகவே இருந்தது. அங்கம்மா அந்தப் பெண்ணை இறுகக் கட்டிக்கொண்டாள். மகள் செத்ததிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.