வரப்பு மண் தித்தித்த வருஷம்

ரவிக்கைத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. வலது மணிக்கட்டு நிமிரவே இல்லை. வலியில்லை, மரத்துப்போகவும் இல்லை. வாடிய கீரைத்தண்டு மாதிரி கை தொங்கியது. அப்போது எனக்கு ஏழாம் மாதம். 1991, மழைக்காலம்.

ஈயம் உருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கை தொங்கியது முதல் அறிகுறி இல்லை. அதற்கு முன்பே தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிழியும் வயிற்றுவலி இருந்தது. மலச்சிக்கல் இருந்தது. வாயில் எந்நேரமும் காசைச் சப்பியது போல் ஒரு ருசி. பிள்ளைத்தாய்ச்சி என்றால் இதெல்லாம் சகஜம் என்று இருந்துவிட்டோம். முதல் பிள்ளை வேறு. எங்களுக்கு என்ன தெரியும்?

ஒரகடத்துக்கும் சேரப்பணஞ்சேரிக்கும் நடுவில் எங்கள் ஊர். இன்று அங்கே கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி ஓடுகின்றன. அப்போது கழனிதான். அந்தக் கழனிவெளியில் பழைய லாரி பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகை ஒன்று வந்தது. தகரக் கூரை, குட்டையான புகைபோக்கி. காற்று திரும்பினால் புகை எங்கள் தெருவில் இறங்கும். காயப்போட்ட துணியை உதறினால் சாம்பல் கொட்டும். அந்தப் பக்கம் மேய்ந்த ஆடுகள் சுற்றிச்சுற்றி வந்து விழுந்து செத்தன. ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்றார்கள். நாலு பேருக்கு வேலை கொடுத்திருக்கிறானே என்று ஊர் வாயை மூடிக்கொண்டது.

மசக்கையில் எனக்கு மண் மேல் ஆசை வந்தது. சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. என் அம்மா சுவரைச் சுரண்டித் தின்றவள். என் நாத்தனார் கன்னியம்மா அடுப்புச் சாம்பலைத் தின்று மூன்று பெற்றாள். அவள்தான் எனக்குப் பக்குவம் சொன்னாள்.

"பச்சையா துன்னாதே செல்வி. தோசைக்கல்லுல வறுத்துத் துன்னு. பூச்சி கீச்சி இருந்தா செத்துப்பூடும்" என்றாள்.

மண் கொண்டுவருவது என் வீட்டுக்காரர் தனபால் வேலை. படப்பையில் ஒரு ரைஸ்மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். வரும் வழியில் விதவிதமாக எடுத்து வருவார். ஏரி மண், செம்மண், புற்று மண். கொட்டகைக்குப் பின்னாலிருந்த வரப்பிலிருந்து ஒருநாள் கொஞ்சம் கொண்டுவந்தார். அதில் லேசான தித்திப்பு இருந்தது. அதற்குப் பிறகு வேறு மண் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் அவருடைய சட்டைப் பையில் கைவிட்டுத் துழாவுவேன். "புள்ள பொறந்து மண்ணு மண்ணுன்னுதான் அழப்போவுது" என்று கேலி செய்வார்.

கை தொங்கியதும் மெட்ராஸில் ஓர் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்த டாக்டரம்மா கையை அதிகம் பார்க்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி, கீழுதட்டை விரலால் மடக்கிப் பார்த்தார். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் கருநீலமாக ஒரு கோடு ஓடியது. ஈயம் உடம்பில் மிகுந்துபோனால் சிலருக்கு அப்படி வரும் என்றார். உங்கள் வீட்டில் யாருக்காவது காரணம் தெரியாத வயிற்றுவலி இருந்தால் ஈறையும் பாருங்கள். கோடு இல்லையென்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

"பேட்டரி கம்பெனியில வேலை செய்றீங்களாம்மா?"

"இல்ல, வீட்ல துணி தைக்கறேன். ஊராண்ட ஈயம் உருக்கற கொட்டாய் கீது, அந்தப் பொகை தெருவுல எறங்கும்."

"புகை மட்டும் பட்டு இவ்வளவு ஏறாதே. சாப்பாடு தவிர வேற ஏதாவது சாப்பிடறீங்களா?"

நான் வெட்கப்பட்டுத் தலை குனிந்துகொண்டேன். தனபால்தான் சிரித்தபடி முன்னால் வந்தார்.

"அது மண்ணு துன்னுதுங்க டாக்டரம்மா. மசக்கை. நான்தான் டெய்லி கொண்டாந்து குடுக்கறேன்."

"எங்கேருந்து?"

"ஈயக் கொட்டாய்க்குப் பின்னால வரப்பு கீதுங்க. அந்த மண்ணுதான் தித்திப்பா கீதுன்னு கேக்குது."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு எங்கள் இருவரையும் உட்காரவைத்து மெதுவாகச் சொன்னார். புகையில் போன ஈயமெல்லாம் அந்த மண்ணில்தான் படிந்திருக்கும். ஈய உப்புகளுக்கு ஒரு தித்திப்பு உண்டு. தாயின் ரத்தத்தில் ஏறுகிற ஈயம் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும். தனபாலின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அதை எப்படி இறக்குவதென்று அவருக்குத் தெரியவில்லை.

ரத்தத்தை வெளியே சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள் என் வயிற்றில் அசைவு நின்றுபோனது. ஆண் பிள்ளை. அவன் அழவில்லை. தலைமுடி நிறைய இருந்தது. தனபால் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார். எங்கே வைத்தார் என்று நான் இதுவரை கேட்கவில்லை.

பிறகு எனக்கு வைத்தியம் தொடங்கியது. கொடுக்கிணைப்பு மருத்துவம் (உடம்பிலுள்ள உலோகத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீரில் வெளியேற்றும் மருந்தை ஊசியில் ஏற்றுவது). பால் கட்டிய மார்போடு, பிள்ளை இல்லாத கட்டிலில் படுத்து, பாட்டிலில் சொட்டும் மருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு இல்லாத மருந்து எனக்கெதற்கு என்று இருந்தது. பிடுங்கிப் போட்டுவிடத் தோன்றியது. பிடுங்குவதற்குக் கை வரவில்லை.

அதற்குள் தனபால் ஊரில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போயிருக்கிறார். "நாங்களா மண்ணு துன்னச் சொன்னோம்?" என்று கேட்டு அனுப்பிவிட்டான் அங்கிருந்த மேனேஜர். ஊரிலும் அதையேதான் சொன்னார்கள், இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் அம்மாவும் தின்றாள், கன்னியம்மாவும் தின்றாள். அவர்கள் பிள்ளைகள் கல்லுக்குண்டாகத் திரிகிறார்கள். என் நாக்கு புதிதாக எதையும் கேட்கவில்லை. மண்தான் மாறியிருந்தது.

கை மெல்ல மெல்லத் திரும்பியது. கட்டையில் கட்டிவைத்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள். முதலில் விரல், பிறகு மணிக்கட்டு. மறு வருஷம் மெஷினில் உட்கார்ந்தேன். தனபால் ஒரு சட்டைத் துணியை நீட்டினார்.

"பாக்கெட்டு வாணாம், செல்வி. பாக்கெட்டு இல்லாம தெச்சிக் குடு" என்றார்.

தைத்துக் கொடுத்தேன். அன்று முதல் அவருடைய எந்தச் சட்டைக்கும் பை கிடையாது. இன்னொரு பிள்ளை என்ற பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

இப்போது என் இடுப்பு வலிக்கிறது. மாதவிலக்கு நின்று சில வருஷங்கள் ஆகின்றன. போன மாதம் தனியாக உள்ளே போய் டாக்டரைப் பார்த்தேன். சின்ன வயதுக்காரர். பழைய கதையைக் கேட்டுவிட்டு எலும்பையும் ரத்தத்தையும் சோதித்துவரச் சொன்னார். முடிவைப் பார்த்துவிட்டு, ஆஸ்டியோபொரோசிஸ் (எலும்பு தேய்ந்து மெலிவது), ரத்தத்திலும் ஈயம் இருக்கிறது என்றார். ஈயத்தை உடம்பு சுண்ணாம்புச்சத்து என்று நினைத்து எலும்பில் சேர்த்துவைக்கும், எலும்பு கரையும்போது அது திரும்ப ரத்தத்தில் கலக்கும் என்றார்.

"அந்தப் பழைய ஈயமேவா?"

"அதேதாம்மா. பயப்பட வேணாம், பாத்துக்கலாம்."

நான் பயப்படவில்லை. அவனுக்குப் பெயர் வைக்கவில்லை, படம் எடுக்கவில்லை. என் ரத்தத்திலிருந்து அவனுக்குப் போனது போக மிச்சம் இத்தனை வருஷமாக என் எலும்பில் இருந்திருக்கிறது. விஷம்தான், தெரியும். இருந்தாலும் ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே அழுகை வந்தது. ஊருக்கெல்லாம் அந்த வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது. என் உடம்பில் இப்போதுதான் திரும்ப ஓட ஆரம்பித்திருக்கிறது.

வெளியே பெஞ்சில் தனபால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இன்னா சொன்னாரு? அதுவா?"

"எது? அதெல்லாம் ஒண்ணுமில்ல. எலும்பு தேஞ்சிகீதாம். வயசாச்சி இல்ல?"

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு மூச்சு விட்டார்.

"அவ்ளோதானா? பாலு குடிச்சா சரியாப்பூடும்" என்றார்.

சரி, குடிக்கிறேன் என்றேன்.