ஹலோ வளைவில் யாரோடு பேசினான்

எங்கள் பள்ளியில் போன மாதம் சாலைப் பாதுகாப்புக்காக ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். வண்டி ஓட்டும்போது செல்போனைத் தடை செய்ய வேண்டுமா, வேண்டாமா என்பது தலைப்பு. நடுவராக என்னைப் போட்டுவிட்டுத் தலைமை ஆசிரியர் சொன்னார்: "நீங்கதான் மேடம் பொருத்தம். உங்களுக்கு அனுபவம் இருக்குதில்ல?" அண்ணனைப் பறிகொடுத்ததற்கு அனுபவம் என்று பெயர் வைத்த மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். சரிங்க சார் என்று மேடையேறினேன்.

வேண்டும் என்ற அணி ஹெல்மெட், அபராதம், லைசென்ஸ் ரத்து என்று முழங்கியது. வேண்டாம் என்ற அணியில் ஒரு பெண், "வீட்டிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டால் எடுக்காமல் இருக்க முடியுமா நடுவர் அவர்களே?" என்று என்னைப் பார்த்தே கேட்டாள். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. இரண்டு அணியும் ஓட்டுகிறவனையே போட்டு வறுத்துவிட்டு உட்கார்ந்தன. கூப்பிடுகிறவர்களைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தடை வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி, சால்வை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் வேன் ஓட்டினான். கல்வராயன் மலையில் வேலை பார்க்கும் டீச்சர்களையும் நர்சுகளையும் காலையில் கள்ளக்குறிச்சியில் ஏற்றிக்கொண்டு போய் மேலே விடுவான், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவான். அந்தப் பாதையில் மேலே பல இடங்களில் டவர் கிடையாது. இறங்கி வரும்போது பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அதில் திரும்பியதும் கீழே வயலெல்லாம் தெரியும், கூடவே டவரும் கிடைக்கும். வேனில் இருக்கும் அத்தனை போனும் ஒரே நேரத்தில் கூவும். அதனால் அதற்கு ஹலோ வளைவு என்று பெயர்.

அங்கே நிறுத்த இடமில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். நிறுத்தினால் பின்னால் வரும் மரவள்ளி லாரி மேலே ஏறிவிடும். வளைவைத் தாண்டினால் மறுபடியும் டவர் போய்விடும். ஆகவே ஓடுகிற வண்டியிலேயே எல்லோரும் வீட்டுக்குப் போன் போடுவார்கள், ஓட்டுகிறவனும் சேர்த்து. "எறங்கிட்டேன்" என்ற ஒரு வார்த்தைதான். பத்திரமாக வந்துவிட்டேன், சோறு வைக்கலாம் என்று அதற்கு அர்த்தம். உண்மையில் யாரும் இறங்கியிருக்க மாட்டார்கள். அதற்குக் கீழே இன்னும் எத்தனையோ வளைவுகள் கிடக்கின்றன. இறங்குவதற்கு முன்பே இறங்கிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் ஜனங்கள் நாங்கள்.

என் அம்மா இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டாள். ஒரு மழைக்காலத்தில் பாறை சரிந்து அண்ணன் வர நேரமாகிவிட்டது. அன்றைக்கு மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி கரையக் கரைய உட்கார்ந்திருந்தவள், அவன் வந்ததும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஹலோ வளைவு வந்ததும் கூப்பிட வேண்டும். அவன் கூப்பிடாவிட்டால் இவள் கூப்பிடுவாள், எடுக்கும்வரை விடமாட்டாள். அவள் பயம் உண்மையான பயம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பயம் தீர்ந்த பிறகும் போனை வைக்க மாட்டாள். மகன் தனக்கு மட்டும் கிடைக்கும் நேரம் அது ஒன்றுதான் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்துவிட்டால் அவன் பெண்டாட்டிக்குப் பங்கு போய்விடுகிறதே.

அந்தப் பெண்டாட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரிஷிவந்தியம் பக்கத்துப் பெண். என்னைவிடச் சின்னவள், முறைக்கு அண்ணி. அவளுக்கு நான் டீச்சரம்மா, கேலிக்குத்தான். கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். அந்தக் கடையில் வேலைக்கு வரும் பெண்கள் காலையில் போனை ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும். பூட்டி, சாவியை சூப்பர்வைசர் இடுப்பில் சொருகிக்கொள்வார். கடை சாத்தும்போதுதான் திரும்பக் கிடைக்கும். பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அப்பா காலமாகிவிட்டார், எனக்குக் கல்யாணமாகவில்லை. வீட்டில் ஆண் என்றால் அண்ணன் ஒருவன்தான்.

அன்றைக்கு நான் பள்ளிவிட்டு வந்து சமையல்கட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் காது மந்தம், எல்லாப் போனையும் ஸ்பீக்கரில்தான் போடுவாள். வழக்கமான நேரத்துக்குப் போன் வந்தது.

"எறங்கிட்டேம்மா" என்றான்.

"மாதாவே, ஸ்தோத்திரம். டேய், இன்னிக்கும் உம் பொண்டாட்டி கொழம்புல உப்பே போடாம வெச்சிட்டு போயிட்டாடா. வேணுன்னே பண்றா."

"அம்மா, வளைவுல போய்க்கினு கீறேன். வூட்டுக்கு வந்து பேசறேன்."

"இருடா, சொல்லி முடிச்சிக்கிறேன். வூட்டுக்கு வந்தா நீ எங்க எங்கிட்ட பேசற? அவ மொகத்தையே பாத்துக்கினு ஒக்காந்துக்குவ. ஒரு பிடி உப்புடா. இதுக்குக்கூட எனக்கு நாதியில்லியா?"

"சரிம்மா. வந்து அவள கேக்கறேன்."

"கேளு. நல்லா கேளு."

தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. "டவர் போயிடுச்சி" என்று அம்மா போனைக் கீழே வைத்தாள். முகத்தில் அவ்வளவு திருப்தி. "கேக்கறேன்னு சொன்னான், பாத்தியா?" என்று என்னிடம் பெருமை அடித்துக்கொண்டாள். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. திரும்பப் போடும்மா என்றேன். போட்டாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். மலைக்காரர் ஒருவர் எடுத்தார். பக்கத்துக் காட்டில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தவராம்.

"வண்டி பள்ளத்துல கெடக்குதும்மா. ஆளுங்கள தூக்கிக்கினு இருக்கோம்" என்றார்.

"எம் புள்ளகிட்ட போன குடுங்க" என்றாள் அம்மா.

"குடுக்க முடியாதும்மா" என்றார்.

வேனில் இருந்த டீச்சர்கள் கையும் காலும் முறிந்து பிழைத்துக்கொண்டார்கள். அண்ணன் உட்கார்ந்த பக்கம்தான் முதலில் மோதியிருக்கிறது. ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை வளைத்தான், அது போதவில்லை என்று பின்னால் இருந்த ஒரு டீச்சர் சொன்னார். போன் பேசிக்கொண்டிருந்தான் என்றும் அவர்தான் சொன்னார். யாரோடு என்பது அவர் காதில் விழவில்லை, அவரும் தன் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாராம்.

அம்மாவை உறவுக்காரர்களோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நான் அண்ணியைக் கூட்டிவர ஜவுளிக்கடைக்குப் போனேன். சூப்பர்வைசரிடம் காதோடு விஷயத்தைச் சொன்னேன். "அய்யய்யோ" என்றார். சொல்லிவிட்டு, "பார்ட்டி கல்யாணத்துக்கு எடுக்கறாங்க. அந்த ஒரு பில்ல மட்டும் முடிச்சிட்டு வரட்டுங்களா?" என்று கேட்டார். அதற்குள் அண்ணி என்னைப் பார்த்துவிட்டாள். அரக்குப் பட்டுச் சேலை ஒன்றைத் தன் தோளில் போட்டு மணப்பெண் வீட்டாருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே என்னைப் பார்த்துச் சிரித்தாள், சேலை எடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து. நான் போய் அந்தச் சேலையை அவள் தோளிலிருந்து எடுத்தேன். கிளம்பும்போது பெட்டியைத் திறந்து அவள் போனை எடுத்துக் கொடுத்தார்கள். என் கண்ணெதிரே திறந்தார்கள். அது காலையிலிருந்து அதற்குள்ளேயே கிடந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். போன் விஷயம் அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருந்தது. "யாருகிட்ட பேசிக்கினு இருந்தானாம்?" என்று ஒருத்தி கேட்டாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அண்ணி அப்போதுதான் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். "வேற எவகிட்ட? அதோ வரா பாரு, அவகிட்டதான்!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். திக்காமல் திணறாமல் வந்தது அந்தப் பொய். அண்ணி, "எங்கிட்ட போனே இல்லீங்க அத்த" என்றாள். "கடைல நிக்கறவளுங்களுக்கு வழி தெரியாதா இன்னா?" என்று ஒரு சித்தி முடித்துவிட்டாள். அழுதுகொண்டிருந்த அத்தனை பேரும் அழுகையை நிறுத்திவிட்டு அண்ணியைப் பார்த்தார்கள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மாவைத் தனியாகப் பிடித்தேன். "ஏம்மா பொய் சொன்ன?" என்றேன். "புள்ளய பறிகுடுத்தவகிட்ட கேக்கற கேள்வியாடி இது?" என்றாள். நீயாகச் சொல்லிவிடு, இல்லையென்றால் நான் சொல்லுவேன் என்றேன். அவள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள். அதன்பிறகு வீட்டில் அண்ணி பரிமாறினால் அம்மா தட்டை நகர்த்தி வைத்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் அண்ணியின் காதில் விழும்படியாகவே, "அந்த ரெண்டு நிமிஷம் பொறுக்க முடியலையா?" என்றார்கள். கோயிலில் அவள் முட்டி போட்ட பெஞ்சில் வேறு யாரும் முட்டி போடவில்லை. கர்த்தர் மன்னிக்கச் சொன்னது எங்கள் தெருவுக்குச் சேராது போலிருக்கிறது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் பந்தி நடந்தது. பெரியப்பா கை கழுவிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேச்சை எடுத்தார். பிள்ளையும் இல்லை, இனி அந்தப் பெண் இங்கே இருந்து என்ன ஆகப்போகிறது, அவள் அப்பா வீட்டுக்கே போகட்டும் என்றார். அண்ணிக்குத் தாய் தகப்பன் இல்லை. இருப்பது ஒரு தம்பியும் அவன் மனைவியும் ஒற்றை அறையும். "நான் ஒரு மூலைல கெடக்கறேன் பெரிய மாமா. கடைக்கு போய்க்கினு வந்துக்கினு இருக்கறேன்" என்றாள். "போன் பேசிக் கொன்னவகூட ஒரே கூரைக்கு அடில என்னால படுக்க முடியாது" என்றாள் அம்மா.

நான் எழுந்து நின்றேன். வகுப்பில் பேசுகிற குரலிலேயே சொன்னேன்.

"பேசினது அண்ணி இல்ல. அண்ணியோட போன் பெட்டிக்குள்ள இருந்துச்சு, நான் பாத்தேன். பேசினது அம்மா. நான் பக்கத்துல இருந்தேன். வளைவுல கீறேன், வூட்டுக்கு வந்து பேசறேன்னு அண்ணன் சொன்னான். அம்மா வெக்கல."

எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த ஒருவர் அதை அப்படியே இலையில் வைத்தார். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மறுக்கவில்லை. "ஆமா, பேசினேன். எம் புள்ளகிட்ட பேசினேன். பெத்தவ கொரல் கேட்டா சாவான்? இவ வந்த ராசிதான் அவன கொண்டுபோச்சி" என்றாள். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீ சொல்றது வாஸ்தவமாவே இருக்கட்டும்மா. அதுக்காக பெத்தவள வூட்ட வுட்டு அனுப்ப முடியுமா? யாராவது ஒருத்தர்தான் போவணும்."

இதைவிட நேர்மையாக எங்கள் குடும்பத்தில் யாரும் பேசியதில்லை. உண்மை வெளியே வந்துவிட்டது, வந்து ஒரு நாற்காலிகூட நகரவில்லை. எல்லோருக்கும் அது ஏற்கெனவே தெரியும் என்றே எனக்குத் தோன்றியது. யார் பேசினார்கள் என்பதை அவர்கள் தேடவே இல்லை. யாரை அனுப்பினால் வீடு குலையாது என்றுதான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பாயசம் இன்னும் வேண்டுமா என்று யாரோ கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். ரிஷிவந்தியம் பஸ் புறப்பட நேரமிருந்தது. அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். நேற்று எனக்காகப் பேசினீர்களே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

"டீச்சரம்மா, அவரு கடைசியா இன்னா பேசினாரு?"

நான் ஏதோ மழுப்பினேன்.

"எத்தினியோ கேட்டுட்டேன். இதையும் கேட்டுக்கறேன். சொல்லுங்க."

சொன்னேன். குழம்பு, உப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். "சரிம்மா, வந்து அவள கேக்கறேன்" என்றதையும் சொன்னேன்.

"உப்பா?" என்றாள். "போட்டனே." பிறகு அவள் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"தினம் அப்படித்தான் சொல்லுவாரு. கேக்கறேம்மா, கேக்கறேம்மான்னு. வூட்டுக்கு வந்து ஒரு நாள் கேட்டதில்ல. 'இன்னிக்கி உம் மேல இன்னா கேசு தெரியுமா'ன்னு எங்கிட்ட சொல்லி சிரிப்பாரு. ரெண்டு பேரும் வாய பொத்திக்கினு சிரிப்போம், அத்த கண்ணுல படக்கூடாதுன்னு."

டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். அண்ணி ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தாள்.

"இத அத்தகிட்ட சொல்லிடாதீங்க. அவரு கேட்டாருன்னே நெனச்சிக்கினு இருக்கட்டும். அவங்களுக்கும் வேற இன்னா இருக்குது?"

சரி என்று தலையாட்டினேன். பஸ் வெளியே போகும்வரை நின்று பார்த்தேன். பிறகு நேராக வீட்டுக்கு வந்தேன், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையல்கட்டுக்குள் போய், ஒன்று விடாமல் அம்மாவிடம் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததையும் சேர்த்துத்தான்.

அடக்கத்தன்று அழுததைவிட அம்மா அன்றைக்குத்தான் அதிகம் அழுதாள். நான் போய்த் தேற்றவில்லை.